சமையல் மேடைக்கும் குளியலறைக்கும் எந்தக் கல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல் வாங்கும்போது கண் நிறத்தைத்தான் பார்க்கிறது. மேடையில் பதித்து ஆறு மாதம் புழங்கிய பிறகு தெரியவருவது வேறு இரண்டு விஷயங்கள்: அமிலம் பட்டால் கல் என்ன ஆகிறது, எண்ணெயும் தண்ணீரும் உள்ளே இறங்குகிறதா. இரண்டும் வேறு வேறு. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் வருகின்றன. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த வித்தியாசத்தை வைத்தே எழுதப்பட்டவை.

தினமும் சமைக்கிற மேடைக்கு கிரானைட்டா, மார்பிளா?

கிரானைட். அதில் பெரும்பகுதி குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கடினமான கனிமங்கள். எளிதில் கீறல் விழுமா என்பதை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 6 முதல் 7 வரை வரும். கத்தி அதைக் கீறாது. கல்தான் கத்தியின் முனையை மழுங்கடிக்கும். எலுமிச்சை, வினிகர், தக்காளி எதுவும் அதன் பாலிஷைத் தொடாது.

மார்பிள், அதாவது சலவைக்கல், கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கடினத்தன்மை 3தான். ஒரு எலுமிச்சையைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி பாலிஷ் போட்ட மார்பிள் துண்டின் மேல் ஐந்து நிமிடம் வைத்து எடுத்துப் பாருங்கள். நிறம் மாறியிருக்காது. ஆனால் துண்டைச் சற்றுச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் பழத்தின் வட்டம் அப்படியே மங்கலாகத் தெரியும். விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் லேசாகச் சொரசொரக்கும். அது கறை அல்ல. கல்லின் மேல்தோலையே அமிலம் அரித்துவிட்டது. எவ்வளவு துடைத்தாலும் போகாது, ஏனென்றால் துடைத்து எடுக்க அங்கே எதுவும் படியவில்லை.

அந்தத் தடங்களைப் புழங்கிய பொருளின் அழகாக ஏற்றுக்கொள்ள மனம் இருந்தால் மார்பிள் போடலாம். முதல் தடத்துக்கே மனம் வருந்துமென்றால் சமையலறையில் வேண்டாம்.

நல்ல சீலர் அடித்தால் மார்பிள் தாங்கும் என்கிறார்களே?

பாதிதான் உண்மை. சீலர் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, எண்ணெயும் தண்ணீரும் உள்ளே போவதைத் தாமதப்படுத்துகிறது. மேற்பரப்பில் கல் திறந்தபடியேதான் இருக்கும். எலுமிச்சைச் சாறு உள்ளே இறங்க வேண்டிய அவசியமே இல்லை. தொட்ட இடத்திலேயே அரிக்கும். அதனால் எத்தனை முறை சீலர் அடித்தாலும் அமிலத் தடம் விழும். உண்மையில் பல மார்பிள்கள் நீர் உறிஞ்சுவதில் கிரானைட்டை விடக் குறைவானவை. அமெரிக்கத் தர நிர்ணயமான ஏஎஸ்டிஎம், மார்பிளுக்கு எடையில் 0.20 சதவீதமும் கிரானைட்டுக்கு 0.40 சதவீதமும் உறிஞ்சலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. மார்பிளின் பலவீனம் உறிஞ்சுவதில் இல்லை, அமிலத்தில் இருக்கிறது.

மார்பிள் போலவே இருக்கும் குவார்ட்சைட் நல்லதா?

உண்மையான குவார்ட்சைட் மிக நல்லது. மணற்கல் பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகி உருவானது. கடினத்தன்மை 7, அமிலத்துக்கு அசையாது. மார்பிளின் ரேகை ஓட்டமும் கிரானைட்டின் உறுதியும் சேர்ந்து வேண்டுமென்றால் தேட வேண்டிய கல் இதுதான். சிக்கல் பெயரில் இருக்கிறது. மார்பிளைப் போன்ற கார்பனேட் கல்லான டோலமைட்டும் சில மார்பிள்களும்கூட 'சாஃப்ட் குவார்ட்சைட்' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அப்படி ஒரு கல் கிடையாது.

ஒரு துண்டு சாம்பிள் வாங்கி இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில், அதன் பாலிஷ் இல்லாத கூரான ஓரத்தை ஒரு கண்ணாடி பாட்டில் மேல் அழுத்தி இழுங்கள். குவார்ட்சைட் கண்ணாடியைக் கீறிவிடும். மார்பிளும் டோலமைட்டும் வழுக்கிக்கொண்டு போகும். கண்ணாடியில் படிந்த கல்தூளைக் கீறல் என்று நினைத்துவிடாதீர்கள், துடைத்துவிட்டு நகத்தால் தடவிப் பாருங்கள். அடுத்து, பாலிஷ் பக்கத்தில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு 15 நிமிடம் விடுங்கள். மங்கினால் அது கார்பனேட் கல். டோலமைட் மெதுவாகத்தான் மங்கும், அதனால் அவசரப்பட்டுத் துடைக்க வேண்டாம்.

கறுப்பு கிரானைட் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. வணிகத்தில் 'கறுப்பு கிரானைட்' என்று சொல்லப்படுபவற்றில் பல, புவியியல்படி கேப்ரோ அல்லது டோலரைட் என்ற வேறு வகைப் பாறைகள். அது குறையே அல்ல. அவை அடர்த்தியானவை, உறிஞ்சுவது மிகக் குறைவு. கவலைப்பட வேண்டியது சாயம் ஏற்றிய கல்லைப் பற்றித்தான். சாம்பல் நிறக் கல்லுக்குக் கறுப்புச் சாயமோ எண்ணெயோ ஏற்றி விற்பதுண்டு. பதித்த பிறகு எலுமிச்சையும் சோப்பும் பட்ட இடங்களில் சாயம் வெளுத்து, கீழே உள்ள சாம்பல் நிறம் திட்டுத்திட்டாகத் தெரிய ஆரம்பிக்கும். வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துச் சாம்பிளை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் அந்தக் கல் வேண்டாம்.

மாக்கல், ஸ்லேட், டிராவர்டைன், ஓனிக்ஸ் எப்படி?

மாக்கல்லுக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைப்பதில்லை. டால்க் கலந்த கல் என்பதால் மென்மையானது, நகத்தின் கீறல்கூட விழலாம். ஆனால் தண்ணீர் உறிஞ்சாது, அமிலத்துக்கு மசியாது, சூட்டைத் தாங்குவதில் அதற்கு இணை இல்லை. விழுந்த கீறலை 120 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 220 வரை தேய்த்து, மினரல் ஆயில் தடவினால் மறைந்துவிடும். எண்ணெய் தடவுவது நிறத்தைச் சீராகக் கறுப்பாக்கத்தான், பாதுகாப்புக்கு அல்ல. கண்ணாடி போலப் பளபளக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு இது ஒத்துவராது.

ஸ்லேட் அடர்த்தியானதாக இருந்தால் நன்றாக உழைக்கும். ஓரங்களில் அடுக்காகப் பெயர்கிறதா என்று மட்டும் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லும் டிராவர்டைனும் மார்பிளைப் போலவே அமிலத்துக்கு அஞ்சுபவை. டிராவர்டைனில் இயற்கையாகவே துளைகள் உண்டு. அதை அடைத்திருக்கும் பூச்சு நாளடைவில் உதிர்ந்து அழுக்கு சேரும். ஓனிக்ஸ் பின்னாலிருந்து விளக்கு போட்டால் ஒளி ஊடுருவும் அழகான கல். விருந்தினர் குளியலறைக்குச் சரி, சமையலறைக்கு வேண்டவே வேண்டாம்.

'குவார்ட்ஸ்' என்று விற்பது இயற்கைக் கல்தானா?

இல்லை. குவார்ட்ஸ் தூளைப் பிசினில் கலந்து அழுத்தி வார்த்த செயற்கைப் பலகை அது. எடையில் சுமார் 90 சதவீதம் அல்லது அதற்கு மேல் குவார்ட்ஸ். சீலர் தேவையில்லை. ஆனால் பிசின் சூடு தாங்காது; சூடான பாத்திரம் வைத்த இடம் மஞ்சளிக்கும். வெட்டும்போது கிளம்பும் சிலிக்கா தூசு தொழிலாளர்களுக்கு சிலிக்கோசிஸ் என்ற தீராத நுரையீரல் நோயைத் தருவதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லைத் தடை செய்தது. கிரானைட்டிலும் குவார்ட்சைட்டிலும் சிலிக்கா உண்டு. எனவே எந்தக் கல்லானாலும், வீட்டில் வைத்து உலர்ந்தபடி வெட்ட அனுமதிக்காதீர்கள். பட்டறையில் தண்ணீர் விட்டு வெட்டி, ஓட்டை போட்டு, வீட்டுக்கு வரும்போது பதிக்க மட்டும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்டுபவரின் நுரையீரலுக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் நுரையீரலுக்கும் அது நல்லது.

பாலிஷ், ஹோன்ட், லெதர்: எந்த ஃபினிஷ்?

அடர்நிற கிரானைட்டுக்கு பாலிஷ் அல்லது லெதர். லெதர் ஃபினிஷில் விரல் ரேகையும் தண்ணீர்த் தடமும் தெரியாது. ஆனால் அதன் மேடுபள்ளத்தில் மாவு போன்ற பொடி தங்கும், கூடுதலாகத் துடைக்க வேண்டும். மார்பிளுக்கு மங்கலான ஹோன்ட் ஃபினிஷ்தான் புத்திசாலித்தனம்: பளபளப்பே இல்லாத இடத்தில் அமிலத் தடம் கண்ணுக்கு உறுத்தாது.

20 மில்லிமீட்டர் போதுமா, 30 வேண்டுமா?

எடையிலிருந்து தொடங்குவோம். 20 மி.மீ. கல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோ, 30 மி.மீ. சுமார் 81 கிலோ. அடியில் முழுவதும் கான்கிரீட் பலகையோ ப்ளைவுட்டோ தாங்கினால் 20 போதும். மரப் பெட்டிகளின் ஓரங்களில் மட்டும் கல் உட்காரும் என்றால் 30 நல்லது. குளியலறைக்கு 20 தாராளம்.

மேடைக்கு வெளியே நீட்டி உட்கார்ந்து சாப்பிட இடம் விடுகிறீர்களா? தாங்கி இல்லாமல் 20 மி.மீ. கல்லை 15 செ.மீ. வரையும், 30 மி.மீ. கல்லை 25 செ.மீ. வரையும் நீட்டலாம். எப்படியிருந்தாலும் நீட்டிய பகுதி மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் என்றால் அடியில் ஸ்டீல் பிராக்கெட் கொடுங்கள். ஓரம் மட்டும் தடிமனாகத் தெரிய ஆசைப்பட்டால், 20 மி.மீ. கல்லையே 45 டிகிரியில் வெட்டி மடித்து ஒட்டலாம்.

ஸ்லாப் எவ்வளவு வாங்க வேண்டும்?

சதுர அடிக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், வெட்டும் வரைபடம் போட்டுப் பாருங்கள். 300 × 160 செ.மீ. ஸ்லாப்பில் நான்கு பக்கமும் சுமார் 3 செ.மீ. ஓரம் கழிந்துவிடும். மிஞ்சுவது 294 × 154. அதில் 65 செ.மீ. அகலத்தில் இரண்டு நீளப் பட்டைகள் கிடைக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடு 3 முதல் 4 மி.மீ. தின்னும். மீதி சுமார் 23 செ.மீ.; அதிலிருந்து சுவரோரம் வைக்க 10 செ.மீ. பட்டை இரண்டு எடுக்கலாம். ஆக, நீண்ட பக்கம் 290, குறுகிய பக்கம் 200 செ.மீ. உள்ள எல் வடிவ மேடை ஒரே ஸ்லாப்பில் முடிந்துவிடும். நீண்ட பக்கம் 310 என்றால் ஒரு ஜாயின்ட் கூடும், அல்லது பெரிய ஸ்லாப் தேட வேண்டும். இரண்டு ஸ்லாப் தேவைப்பட்டால் ஒரே பாறைக்கட்டியிலிருந்து அடுத்தடுத்து அறுத்தவையாக, ஒரே நேரத்தில் வாங்குங்கள். பிறகு வாங்கினால் நிறம் ஒத்துவராது.

ஸ்லாப்பைத் தேர்ந்தெடுக்கும்போது விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்லில் தெரியும் எல்லாக் கோடும் விரிசல் அல்ல. இயற்கை ரேகையில் நகம் மாட்டாது. சந்தேகமான இடத்தைத் தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். சுற்றிலும் உலர்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் கறுத்தே நின்றால் தண்ணீர் அதற்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். பின்பக்கமும் அதே கோடு ஓடினால் அது விரிசல்தான். பின்னால் வலை ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ரேகை அதிகமுள்ள கற்களுக்கு வலை ஒட்டுவது வழக்கம், அதுவே குற்றமில்லை. ஆனால் அந்த ஸ்லாப்பில் சிங்க் ஓட்டை ரேகையின் மேல் விழாமல் வரைந்துகொள்ள வேண்டும்.

சிங்க் பக்கத்தில் மட்டும் கல் ஏன் விரிகிறது?

கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. சிங்க் ஓட்டை போட்ட பிறகு முன்பக்கம் மிஞ்சுவது 5 முதல் 8 செ.மீ. அகலமுள்ள ஒரு கீற்று மட்டுமே. கல்லைத் தூக்கி வரும்போது, மேலே ஏறி நிற்கும்போது, அடியில் பெட்டி லேசாக அமுங்கும்போது, வளைவு முழுவதும் அந்தக் கீற்றில்தான் விழுகிறது. ஓட்டையின் மூலை கூர்மையான செங்கோணமாக இருந்தால் விரிசல் அங்கிருந்தே தொடங்கும்.

செய்ய வேண்டியவை நான்கு. மூலைகளை குறைந்தது 10 மி.மீ. ஆரத்தில் வளைத்து வெட்டச் சொல்லுங்கள். முதலில் மூலைகளில் கோர் பிட்டால் (வட்டத் துளை போடும் கருவி) துளை போட்டு, பிறகு துளையிலிருந்து துளைக்கு அறுப்பதுதான் முறை. முன், பின் கீற்றுகளின் அடிப்பக்கத்தில் காடி வெட்டி, சுமார் 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது ஃபைபர் கிளாஸ் கம்பியை எபாக்ஸி என்ற இறுகும் பசையில் பதிக்கச் சொல்லுங்கள். சாதாரண இரும்புக் கம்பியை அனுமதிக்கக் கூடாது. ஈரம் பட்டுத் துருப்பிடித்தால் இரும்பு உப்பி, காக்க வேண்டிய கல்லையே பிளந்துவிடும். கல்லை எப்போதும் நிமிர்த்தியே தூக்க வேண்டும், பலகை போலப் படுக்கவைத்து அல்ல. கடைசியாக, அடியில் பொருத்தும் சிங்க்கை சிலிகானை மட்டும் நம்பித் தொங்கவிடாமல், கிளிப்போ மரச்சட்டமோ கொடுத்துத் தாங்க வேண்டும். தண்ணீரும் பாத்திரமும் நிறைந்த சிங்க்கின் எடை சின்ன எடை அல்ல.

ஜாயின்ட் எங்கே வரலாம்?

அடியில் தாங்கல் உள்ள இடத்தில். டிஷ்வாஷர் மேலே வேண்டாம், அங்கே நீராவி வரும், அடியில் தாங்கலும் இருக்காது. சிங்க் ஓட்டையின் நடுவில் வைப்பதையும் தவிருங்கள். இடைவெளி 1.5 மி.மீ. அளவில் இருந்து, கல்லின் நிறம் கலந்த எபாக்ஸியால் நிரப்பினால் கண்ணில் படாது. நகத்தை ஜாயின்ட்டின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். தட்டினால் இரண்டு துண்டும் சமமாக உட்காரவில்லை. எபாக்ஸி இறுகுவதற்கு முன்பே இதைச் சொல்ல வேண்டும்.

பதிக்கும்போது நாம் கவனிக்க வேண்டியது என்ன?

அளவு எடுப்பது பெட்டிகள் பொருத்தி முடிந்த பிறகுதான். சிங்க், அடுப்பு, குழாய் மூன்றும் அன்று கையில் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் தாளில் உள்ள அளவை மட்டும் வைத்து வெட்டிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் அதிகம். ரசமட்டம் வைத்துப் பாருங்கள்: 3 மீட்டர் நீளத்தில் 3 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் பெட்டியைச் சரிசெய்த பிறகே கல்.

வெள்ளைக் கல்லை ஈரமான சாம்பல் சிமென்ட் மேல் பதித்தால், ஈரம் மேலே ஏறி மஞ்சளும் சாம்பலுமாகத் திட்டுகள் வரும். வெள்ளை நிறக் கல் ஒட்டும் பசை பயன்படுத்துங்கள். பச்சை மார்பிள் என்று விற்கப்படுவதில் பல, செர்பென்டைன் என்ற வேறு வகைக் கற்கள். அவை தண்ணீர் கலந்த பசையில் வளையக்கூடும், எபாக்ஸிதான் வேண்டும். வினிகர் நெடி அடிக்கும் சிலிகான் அசிட்டிக் அமிலம் வெளிவிடும், மார்பிளை அரிக்கும். 'நியூட்ரல்' சிலிகான் கேட்டு வாங்குங்கள். குழாய் அடியில் பிளம்பர் வைக்கும் புட்டியில் எண்ணெய் உண்டு. அது கல்லில் ஊறிக் குழாயைச் சுற்றிக் கறுப்பு வளையமாகத் தங்கிவிடும்.

சூடான பாத்திரத்தை நேராக வைக்கலாமா?

மாக்கல்லில் வைக்கலாம். கிரானைட் பொதுவாகத் தாங்கும். ஆனால் ஒரே இடம் மட்டும் சட்டென்று சூடாகி, சுற்றிலும் குளிர்ந்திருந்தால் விரிசல் விழ வாய்ப்புண்டு, அதுவும் ஓட்டைகளுக்கு அருகே. பிசின் பூசி வந்த ஸ்லாப்பில் நிறமும் மாறலாம். ஒரு மனையோ தாங்கியோ வைத்துவிடுங்கள்.

கிரானைட்டில் கதிர்வீச்சு வருமா?

சில கிரானைட்டுகளில் மிகச் சிறிய அளவில் யுரேனியம் போன்றவை உண்டு, அவற்றிலிருந்து ரேடான் வாயுவும் மிகக் குறைவாக வெளிப்படும். வீட்டுக்குள் ரேடான் வருவதற்கு முக்கியக் காரணம் அடியில் உள்ள மண்தான், மேடை அல்ல.

சீலர் எப்போது, எப்படி அடிப்பது?

முதலில் தேவையா என்று பாருங்கள். நான்கைந்து இடங்களில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் சீலர் தேவை. கறுக்கவில்லை என்றால் வேண்டாம். அடர்த்தியான கறுப்புக் கல்லில் வீணாக அடித்தால் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே மங்கலாகப் படியும்.

மேடையைக் கழுவி ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். ஊடுருவும் வகை சீலரைத் துணியால் ஈரம் மின்னும்படி தடவி, டப்பாவில் சொன்ன நேரம், பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம், காத்திருங்கள். பிறகு உலர்ந்த துணியால் மிச்சத்தை முழுவதும் துடைத்தெடுங்கள். இந்தத் துடைப்பில் சோம்பினால் பிசுபிசுப்பான படலம் தங்கும். அப்படித் தங்கிவிட்டால், அதன் மேலேயே கொஞ்சம் சீலர் விட்டு இளக்கி உடனே துடைத்தால் வந்துவிடும். ஒரு நாள் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எப்போது என்பதற்கு நாள்காட்டி வேண்டாம், அதே தண்ணீர்ச் சோதனை சொல்லும்.

கறை ஊறிவிட்டால்?

ஊறியதை மேலே தேய்த்து எடுக்க முடியாது, உறிஞ்சி எடுக்க வேண்டும். எண்ணெய்க் கறைக்கு சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, கறையை விட ஓர் அங்குலம் அதிகமாக, சுமார் 6 மி.மீ. கனத்தில் பூசுங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டுத் தானாகக் காயவிடுங்கள். காயும்போதுதான் எண்ணெய் மேலே இழுக்கப்படுகிறது, ஈரமாகவே சுரண்டிவிட்டால் பயனில்லை. மூன்று நான்கு முறை தேவைப்படலாம். காபி போன்ற கறைக்கு வெளிர் நிறக் கல்லில் தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு. அடர்நிறக் கல் வெளுத்துவிடும், அங்கே வேண்டாம்.

துருக்கறைக்குக் கடையில் விற்கும் நீக்கிகளில் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும். அது கிரானைட்டையும் அரிக்கும், கையையும் புண்ணாக்கும். லேபிளைப் படிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

குளியலறைக்கு எந்தக் கல்?

இங்கே மார்பிளுக்கு நல்ல இடம் உண்டு. எலுமிச்சையும் எண்ணெயும் இல்லை, கத்தி இல்லை. ஆனாலும் சில எதிரிகள் இருக்கிறார்கள். கழிப்பறை கழுவும் அமிலம் ஒரு சொட்டு தெறித்தாலும் தடம் விழும். முடிச் சாயம் சில நிமிடங்களில் ஊறும். ஷேவிங் கிரீம் டப்பாவின் இரும்பு அடிப்பகுதி துரு வளையம் விடும். ஒரு சின்னத் தட்டு வைத்தால் தீர்ந்தது. உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் குழாயைச் சுற்றி வெள்ளைப் படிவு சேரும். அதை வினிகரால் எடுக்கும் பழக்கம் மார்பிளில் ஆகாது, ஏனென்றால் படிவும் கல்லும் ஒரே கால்சியம் கார்பனேட். ஒன்றைக் கரைப்பது மற்றதையும் கரைக்கும். குளித்து முடித்ததும் தண்ணீரைத் துடைத்துவிடுவதுதான் வழி. முடியாது என்றால் கிரானைட் போடுங்கள்.

சில வெள்ளை மார்பிள்களில் இரும்புக் கனிமம் கலந்திருக்கும். ஈரம் தங்கும் இடத்தில் அது துருப்பிடித்து மஞ்சளாகும், பிளீச் ஊற்றினால் இன்னும் வேகமாகும்.

மார்பிளில் விழுந்த அமிலத் தடத்தை நீக்க முடியுமா?

சின்னத் தடம் என்றால் மார்பிள் பாலிஷ் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஈரத் துணியால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு திரும்பும். முதலில் மூலையில் சோதியுங்கள். விரலில் பள்ளம் தட்டுப்படுகிற அளவு ஆழமான தடத்துக்கு இது போதாது. வைரத் தகட்டால் முழு மேடையையும் மறுபடி தேய்த்துப் பாலிஷ் போட வேண்டும். தடம் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழுந்து, வெளிச்சத்தில் அலை அலையாகத் தெரியும்.